ஜெராக்ஸ் கடை இன்பாக்ஸில் உங்கள் பாஸ்போர்ட்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஸ்ரீரங்கம் வீதிகளிலும் இருக்கிற ஜெராக்ஸ் கடைகளில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். கலர் பிரிண்ட் எவ்வளவு, லேமினேஷன் எவ்வளவு என்ற விலைப்பட்டியலுக்குக் கீழே, கொட்டை எழுத்தில் ஒரு ஜிமெயில் முகவரி. "இதுக்கு மெயில் போடுங்க சார், ரெண்டு நிமிஷத்துல பிரிண்ட் தரேன்" என்பார் கடைக்காரர். போடுகிறோம். ஆதார், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு விவரம், ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டுப் பத்திரத்தின் நகல் என்று எல்லாம் அந்த முகவரிக்குப் போகின்றன. காசைக் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்டு நாம் பஸ் ஏறிவிடுகிறோம். மெயில் அங்கேயே கிடக்கிறது. கடைக் கணினியின் டவுன்லோட் பகுதியில் அதன் பிரதி ஒன்றும் கிடக்கிறது.

இ-ஆதார் கோப்புக்குப் பூட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறந்த ஆண்டு, இதுதான் அதன் சாவி. கடைக்காரர் கேட்பதற்கு முன்பே அதையும் அதே மெயிலில் எழுதி அனுப்பிவிடுகிறவர்கள் நிறைய. எழுதாவிட்டாலும் பெயரும் வயதும் தெரிந்தவர் ஊகித்துத் திறந்துவிடக்கூடிய பூட்டுதான்.

எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் விமானம் ஏறுகிற ஊர் திருச்சி. டெல்டா மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கமிருந்தும் வேலைக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், மருத்துவச் சான்று, படிப்புச் சான்று எல்லாவற்றையும் ஏஜென்ட் சொல்லும் முகவரிக்கு மெயில் செய்கிறார்கள். இன்னொரு பக்கம், பெல் நிறுவனத்திலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிற பெரியவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பார்கள். பென்ஷன் காகிதம், ஆஸ்பத்திரிக் காகிதம், அடுக்குமாடி வீட்டின் பவர் பத்திரம் என்று அனைத்தும் மெயிலில்தான் கடல் தாண்டுகின்றன. பல வீடுகளில் மெயிலை அனுப்பிக் கொடுப்பவர் தெருமுனை பிரவுசிங் சென்டர் பையன்.

போகிற வழியில் யாராவது படிக்க முடியுமா என்பதுதான் பலருடைய பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. மின்னஞ்சல் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும் முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அதில் ரகசியத்துக்கு இடமே வைக்கவில்லை. எழுத்து அப்படியே திறந்தபடி போகும். 1999-ல்தான் இரண்டு சர்வர்களும் பேசிக்கொண்டு கடிதத்தைப் பிறர் படிக்க முடியாத குறிகளாக மாற்றி அனுப்பும் வசதி வந்தது. அதுவும் கட்டாயமில்லை. எதிர்ப்பக்கம் "எனக்கு அந்த வசதி இல்லை" என்று சொன்னால் மெயில் பழையபடி திறந்தே போய்விடும். இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, நடுவில் இருப்பவர் அந்த வசதியே இல்லாததுபோல் காட்டி ஏமாற்றலாம். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், துனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்குப் போன கடிதங்களில் 96 சதவீதத்துக்கு மேல் இப்படிக் குறியாக்கம் உரிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஜிமெயில், இப்படித் திறந்து வரும் கடிதங்களுக்குச் சிவப்பு நிறத்தில் திறந்த பூட்டுப் படம் காட்டத் தொடங்கியது. ஏமாற்றுக்கு இடம் கொடுக்காமல் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கும் எம்டிஏ-எஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு 2018-ல் வந்தது.

இன்று பெரிய நிறுவனங்களுக்கு இடையே பெரும்பாலான மெயில்கள் மூடித்தான் போகின்றன. நடுவழி ஓரளவு சரியாகிவிட்டது. சிக்கல் இரண்டு முனைகளில். கூரியர் வண்டிக்குப் பெரிய பூட்டுப் போட்டுக் கொண்டுவந்து, பொட்டலத்தை யார் வீட்டுத் திண்ணையிலோ வைத்துவிட்டுப் போவது போன்ற கதை.

அந்த 1982 முறைக்கு இன்னொரு பிறவிக் குறையும் உண்டு. அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதனால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி வழக்கு ஒன்று காட்டியது. அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு 2007-ல் ஐசிஐசிஐ வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில் வந்தது. நம்பி விவரங்களைக் கொடுத்தார். தூத்துக்குடிக் கிளைக் கணக்கிலிருந்து 6 லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியான தமிழக ஐ.டி. துறைச் செயலாளர் அதை ஏற்கவில்லை. போதிய பாதுகாப்புச் செய்யாதது வங்கியின் குறை என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். கோட்டையில் இருக்கிற ஒரு செயலாளரிடம் போய் இப்படி இழப்பீடு கேட்க வழி உண்டு என்பது திருச்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில், ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் கடிதத்தைப் பிரித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய அஞ்சல் சட்டத்தில் அந்தத் தண்டனை இல்லை. அரசு கடிதத்தை வழிமறித்துப் பிரிக்கும் அதிகாரம் மட்டும் 9-ஆம் பிரிவில் பத்திரமாக இருக்கிறது. மின்னஞ்சலுக்கு இதே அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில். 2018 டிசம்பரில் பத்து மத்திய அமைப்புகளுக்கு அது வழங்கப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அதற்கு முந்தைய ஆண்டு.

வாங்கிய விவரத்தை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று சொல்கிற சட்டம் 2023-ல் நிறைவேறியது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே. அதுவரை ஜெராக்ஸ் கடை இன்பாக்ஸைக் கேட்க நாதியில்லை. அமலுக்கு வந்த பிறகும், அபராதம் விதிக்க வேண்டிய டெல்லி வாரியம் திருச்சி ஆண்டார் வீதிக் கடைக்கு வந்து பார்க்கப் போவதில்லை.

ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதத்தில் ஓர் எச்சரிக்கை விட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் பதிவிறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. அதில் என்ன தவறு? ஆனால் மக்கள் பதறுகிறார்கள், தவறாகப் பொருள் கொள்ள வாய்ப்பிருக்கிறது என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பக்கத்துக்குச் சில ரூபாய் வாங்கிப் பிழைக்கிற கடைக்காரரை இதில் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதேயில்லை.

சொல்ல வேண்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கடைகளுக்குத் தொழில் உரிமம் கொடுப்பது மாநகராட்சி. மெயிலில் வந்த ஆவணத்தை அன்றே இன்பாக்ஸிலும், டவுன்லோடிலும், குப்பைத் தொட்டிப் பகுதியிலும் அழிக்க வேண்டும், அதை வாடிக்கையாளர் கண் முன்னால் செய்ய வேண்டும் என்று உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டச் சொல்லலாம். ஸ்ரீரங்கம் மண்டலத்திலிருந்தே தொடங்கலாம். யாத்ரிகர்கள் தங்கும் விடுதிகளும் முன்பதிவுக்கு ஆதாரை அனுப்பச் சொல்வதால் அவற்றையும் இதில் சேர்க்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அரசு வேலைக்கு அரசு மின்னஞ்சல்தான் என்று மத்திய அரசின் கொள்கை 2015-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கீழ்நிலை அலுவலகங்களில் இலவச முகவரியைக் கொடுத்து "இதுக்கு அனுப்புங்க" என்கிற பழக்கம் போகவில்லை. அந்த முகவரியின் கடவுச்சொல் ஒருவர் மாறுதலில் போனதும் அவரோடு போகும்; போகாவிட்டால் நாலு பேரிடம் இருக்கும். மக்களிடம் ஆவணம் வாங்கும் எந்த அரசு அலுவலகமும் இலவச முகவரியைத் தரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். சொந்த இணைய முகவரி வைத்திருக்கிற ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் எம்டிஏ-எஸ்டிஎஸ்ஸையும், போலி அனுப்புநரைத் தடுக்கும் டிமார்க் ஏற்பாட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த ஊழியருக்கு இது பெரிய வேலையில்லை.

திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. குடியிருப்போர் சங்கங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் இதை மனுவாகக் கொடுக்கலாம். மனுவோடு ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து வீட்டில் எடுத்து, அதை இணையுங்கள்.