கையில் சுமந்தால் குறைவா?

ஒரு கணிப்பொறியில் உள்ளதை மற்றொன்றுக்கு நொடியில் அனுப்ப இணையம் இருக்கும் காலம் இது. அப்படியிருக்க, பென்சில் பெட்டிக்குள் பென் டிரைவை வைத்துக்கொண்டு பேருந்தில் போவதா என்று சிலர் எங்களைக் கேலி செய்தனர். போவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

எங்களுள் ஒருத்தியின் பாட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழாசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்றபின், காட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்ட தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் தம் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் இறைவனடி சேர்ந்தபின் அது மூலையில் கிடந்தது. ராஜபாளையத்தில் தோழியின் வீட்டில் இருப்பதும் பழைய கணிப்பொறியே. இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இரண்டிலும் இணையம் இல்லை.

பாட்டியின் கணிப்பொறி விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுவது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. பூட்டில்லாத வீட்டைத் தெருவுக்குத் திறந்து வைக்கலாமா? அதை இணையத்தில் சேர்க்காமல் விடுவதே அறிவுடைமை.

வேகத்திலும் கைச்சுமை இளைத்ததன்று. 2009-ல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்னும் புறா, 4 ஜிபி தகவல் அட்டையைக் காலில் சுமந்து, சுமார் 80 கிலோமீட்டரை 1 மணி 8 நிமிடத்தில் பறந்து கடந்தது. அட்டையிலிருந்து எல்லாம் கணிப்பொறியில் ஏறி முடிந்தபோது, இணைய வழியில் நூற்றுக்கு நான்கு பங்கே வந்து சேர்ந்திருந்தது!

ஆனால் சுமப்பவருக்குப் பொறுப்பு வேண்டும். இதைத் தவறு செய்தே கற்றோம். முதல் நாள் 'காப்பி' கொடுப்பதற்குப் பதில் 'கட்' கொடுத்தோம். பேருந்துக்கு நேரமாகிறதென்று, எழுதி முடியுமுன்பே பென் டிரைவைப் பிடுங்கினோம். ராஜபாளையத்தில் பார்த்தால் ஏழு பாட்டுகள் திறக்கவில்லை. பெயர் மட்டும் இருந்தது. பாட்டியின் கணிப்பொறியிலும் அவை அழிந்துவிட்டன. கேட்டுக்கொள்ளப் பாட்டியும் இல்லை. அன்று நாங்கள் அழுதோம்.

மற்றவை திறந்தன, ஆனால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்! ஒருங்குறி வருமுன் ஆளுக்கொரு முறையில் தமிழ் எழுத்துருக்களை அமைத்தார்கள். தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்து, 2010-ல் ஒருங்குறியை ஏற்றது. பாட்டி பயன்படுத்தியதோ பழைய எழுத்துரு. மறுவாரம் மீண்டும் போய் அதையும் கொண்டுவந்து சேர்த்தோம். பாட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

ஆகவே தோழியரே, கொண்டுபோகும்போது நகல் எடுங்கள். சேர்ந்த இடத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும்வரை மூலத்தை அழிக்காதீர்கள். வைரஸ் சோதனை செய்யுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். பெற்றோர்களே, பழைய கணிப்பொறியைக் காயலான் கடைக்குப் போடுமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள். இரும்புக்குக் கிடைக்கும் விலை, பாட்டியின் உழைப்புக்கு ஈடாகுமா?

அந்த ஏழு பாட்டுகளைப் பாடத் தெரிந்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இன்னும் இருக்கக்கூடும். கோடை விடுமுறையில், பெயர்களைக் குறித்துக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக அவர்களைத் தேடிப் போகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி