ஆணிகூட அடிக்க முடியாத வாடகை வீட்டில் பசுமைப் பழக்கம் சாத்தியமா?

மாடியில் சோலார் போடுங்கள், மழைநீர்த் தொட்டி கட்டுங்கள், தோட்டம் வையுங்கள்... சுற்றுச்சூழல் டிப்ஸ் எல்லாமே சொந்த வீட்டுக்காரர்களுக்காக எழுதியதுபோலவே இருக்கும். ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்ற கண்டிஷனோடு 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் என்ன செய்வது?

திருநின்றவூரில் இது சின்னக் கேள்வி இல்லை. சென்னை - அரக்கோணம் ரயில் தடத்தில் இருப்பதால், ஆவடி, அம்பத்தூர், சென்னை என்று தினமும் வேலைக்குப் போகிற பலர் இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். 2021-ல் பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சி ஆனது. அதே ஆண்டு நவம்பர் மழையில் ஏரியை ஒட்டிய பெரியார் நகர் வெள்ளத்தில் தவித்தது. தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால், நனைவது குடியிருப்பவரின் பொருட்கள்தான்.

அதனால் ‘நம்ம வீடா என்ன?’ என்று விட்டுவிட முடியாது. அடுத்த தெருவுக்கு வீடு மாறினாலும் அதே ஏரி, அதே நிலத்தடி நீர்தான்.

குழாயில் தொடங்கலாம்

விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே ஒரு நாளில் ஒரு குடம் தண்ணீர் போய்விடும். இதை யார் சரிசெய்வது என்பதில்தான் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் இழுபறி. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதைப் பிரித்தே சொல்லியிருக்கிறது. குழாய், வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. பைப் லைன், ஒயரிங் வேலைகள் ஓனர் பொறுப்பு. வாஷர் மாற்ற சில ரூபாய்தான் ஆகும். ஓனருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர் என்ற சின்னச் சல்லடை, தண்ணீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆர்.ஓ. மெஷின் இருந்தால், 1 லிட்டர் குடிநீருக்கு ஏறக்குறைய 2 முதல் 3 லிட்டர் வெளியே கொட்டும். அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விடுங்கள். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்றப் போதும். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்குத் தினமும் ஊற்றுவதைத் தவிர்க்கலாம்.

ஃபேனை மாற்றினால் பில் குறையும்

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். தினமும் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே சுமார் 32 யூனிட் மிச்சம். கொக்கி ஏற்கெனவே இருக்கிறது, சுவரில் துளை போட வேண்டியதில்லை. பழைய ஃபேனைப் பரணில் வைத்துவிட்டு, போகும்போது திரும்ப மாட்டிவிட்டால் முடிந்தது.

ஏசி இருந்தால் 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

குப்பை எங்கே போகிறது?

ஈரக் குப்பை, உலர் குப்பை, பேட்டரி போன்ற அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டித் தெருமுனையில் வீசினால், மழை நாளில் அது கால்வாயை அடைக்கும். வடிய வேண்டிய தண்ணீர் தெருவிலேயே நிற்கும்.

பால்கனி ஓரத்தில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட் போதும். அதில் துளை போட்டு, காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். சுமார் இரண்டு மாதத்தில் உரம் ரெடி. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ சேர்த்தால் சரியாகிவிடும்.

ஓனரிடம் கேட்க வேண்டிய இரண்டு

ஒன்று, தனி மின் இணைப்பு. வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல வீடுகளை ஒரே இணைப்பில் சேர்த்து சப்-மீட்டர் வைத்தால், அந்தச் சலுகையை எல்லோரும் பங்கு போட வேண்டும். மொத்த யூனிட் கூடுவதால் கட்டணமும் உயர்ந்த படிக்குப் போகும். நீங்கள் சிக்கனமாக இருந்தும் அதன் முழுப் பலன் கைக்கு வராது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு, மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் இது கட்டாயம். ஆனால் பல கட்டடங்களில் குழாய் இருக்கும், குழி மண்ணால் மூடியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்கு முன்பே சுத்தம் செய்யச் சொல்லலாம். ஒருவர் கேட்டால் ஓனர் தள்ளிப்போடுவார். நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

நகராட்சிக்கும் இதில் பங்கு உண்டு. பிரித்துக் கொடுக்கும் குப்பையை வண்டியில் மறுபடியும் ஒன்றாகக் கொட்டினால், அடுத்த நாள் யாரும் பிரிக்க மாட்டார்கள். மழைநீர்க் குழி வேலை செய்கிறதா என்று பருவமழைக்கு முன் வீடு வீடாகப் பார்க்க வேண்டியதும் அவர்கள்தான்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்வதென்றால், ஒழுகும் குழாயின் வாஷரை மாற்றுங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.