போனஸ் பணம் வீட்டுக் கடனுக்கே போகட்டும்

வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் சம்பளக்காரரின் கைக்கு போனஸாகவோ, சம்பள நிலுவையாகவோ, முதிர்ந்த காப்பீட்டுப் பாலிசியாகவோ ஒரு தொகை வருகிறது. அதைக் கொண்டு கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைக்கலாமா என்று கேட்டால், ஆடிட்டர் முதல் அலுவலக நண்பர் வரை பலரும் ‘வரிச் சலுகை போய்விடும், அவசரப்படாதீர்கள்’ என்றுதான் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த அறிவுரைக்கு ஒரு காலத்தில் பாதி நியாயம் இருந்தது. இன்று பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. அவசரத் தேவைக்கான பணத்தை ஒதுக்கியபின் கையில் நிற்கும் தொகைக்கு, வீட்டுக் கடனின் அசலைக் குறைப்பதைவிடப் பாதுகாப்பான, லாபகரமான இடம் அநேகமாக இல்லை.

30 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய். முதலாண்டு முழுக்க 3.12 லட்சம் கட்டிய பிறகும் அசல் 60,000 ரூபாய்கூடக் குறைந்திருக்காது. பாதி அசல் கழிவதற்குள் 14 ஆண்டுகள் ஓடிவிடும். இதில் வங்கியின் சூழ்ச்சி எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் அசலுக்கு வட்டி போட்டால் கணக்கு இப்படித்தான் வரும். ஆனால் அதே கணக்கை நம் பக்கம் திருப்பவும் முடியும். முதலாண்டு முடிவில் 2 லட்சம் ரூபாயைக் கூடுதலாகக் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடன் சுமார் 34 மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும், வட்டியில் 6.8 லட்சத்துக்கு மேல் மிச்சம். அதே 2 லட்சத்தை 15 ஆண்டு கழித்துக் கட்டினால் குறைவது 11 மாதம், மிச்சமாவது 94,000 ரூபாய் அளவுக்குத்தான். முன்கூட்டி அடைப்பதென்றால் தொடக்க ஆண்டுகளிலேயே அடைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

6.8 லட்சம் என்ற எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 2 லட்சம் ரூபாய் பல ஆண்டுகள் 8.5 சதவீதக் கூட்டு வட்டியில் வளர்வதன் மறுபக்கம்தான் அது. ஆகவே, நிச்சயமாக, வரியும் பிடிக்காமல், நம் கடனின் வட்டி அளவுக்கு வருமானம் தரும் வேறு இடம் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வங்கி டெபாசிட்டில் அது கிடைக்காது. டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டிக்கும் கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியில்தான் வங்கித் தொழிலே நடக்கிறது. டெபாசிட்டுக்கு 7 சதவீதம் கிடைத்தாலும், 20 சதவீத வரி கட்டுபவருக்கு செஸ்ஸும் போகக் கையில் நிற்பது ஐந்தரை சதவீதம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி மட்டும் வேறு ரகம். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீதம் வட்டி. பிஎஃப் பணத்தை எடுத்து வீட்டுக் கடனை அடைப்பதை அதனால் நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி வரிச் சலுகைக்கு வருவோம். குடியிருக்கும் சொந்த வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளும் 24(பி) பிரிவின் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. 2023-24 முதல் புதிய முறையே இயல்பான தேர்வாகிவிட்டது. அதில் இந்தச் சலுகை கிடையாது. மேலும், 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவையும் சேர்த்து 12.75 லட்சம். வரியே கட்டாதவருக்கு எந்த வரியை மிச்சப்படுத்துவதற்காகக் கடன்? பழைய முறையில், 30 சதவீத வரம்பில் இருப்பவரையே எடுத்துக்கொண்டாலும், ஒரு ரூபாய் வட்டி கட்டி 31 காசு திரும்பப் பெறுகிறார். மீதி 69 காசு போனது போனதுதான். நாம் பார்த்த கணக்கில் முதலாண்டு வட்டி ஏறத்தாழ 2.53 லட்சம். அதில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு அந்த 31 காசும் கிடைக்காது.

பணவீக்கத்தைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. இன்றைய 26,000 ரூபாய் 15 ஆண்டுக்குப் பிறகு சிறு தொகையாகிவிடும், மெதுவாகக் கட்டுவதே புத்திசாலித்தனம் என்பது அவர்கள் வாதம். 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்று எழுதிக்கொடுக்கும் அமெரிக்காவில் இது செல்லும். இங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில் இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் கட்டப்பட்டுள்ளன. விலைவாசி ஏறினால் ரிசர்வ் வங்கி ரெப்போவை உயர்த்தும், கடன் வட்டியும் கூடவே ஏறும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கி, 23,259 ரூபாய் தவணையை ஒன்றரை ஆண்டு கட்டிய ஒருவருக்கு இந்த உயர்வு முழுவதும் ஏறி, தவணை மட்டும் மாறாதிருந்தால், மாத வட்டியே 22,900 ரூபாயை நெருங்கிவிடும். கடன் முடிய 43 ஆண்டுக்கு மேல் ஆகும். தவணைத் தொகை மாறாததால் பலருக்கு இது தெரியவே இல்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும், மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையைக் காலாண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அந்தக் காலாண்டு அறிக்கையைப் படிக்காமல் ஒதுக்குபவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

பரஸ்பர நிதியில் எஸ்ஐபி போட்டால் 12 சதவீதம் வருமே என்பது அடுத்த மறுப்பு. நீண்ட காலத்தில் பங்குகள் அந்த அளவுக்கு உயர்ந்ததுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அது வாக்குறுதி ஆகாது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200 அளவுக்கு விழுந்தது. ஐடி நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்ததும் அதே காலத்தில்தான். சந்தையும் வேலையும் சேர்ந்தே சரியும்போது, தவணை கட்டப் பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்க நேரும். ஓய்வுக்கால நோக்கில் தொடரும் எஸ்ஐபியை நிறுத்தச் சொல்லவில்லை. கடன் வாங்கிய பணத்தில் பங்கு வாங்குவதற்கும், அடைக்கக்கூடிய கடனை அடைக்காமல் பங்கு வாங்குவதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை என்பதை மட்டும் உணர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

உண்மையிலேயே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சுவருக்குள் போன பணம் திரும்பக் கைக்கு வராது. 5 லட்சம் கூடுதலாகக் கட்டிவிட்டு அடுத்த மாதமே வேலை போனால், அந்த மாதத் தவணையை வங்கி தள்ளுபடி செய்யாது. ஆகவே ஆறு மாதக் குடும்பச் செலவும் தவணையும் தனியே இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி போன்ற கூடுதல் வட்டிக் கடன்கள் முதலில் தீர வேண்டும். வேலை நிலையில்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பகுதித் தொகை கட்டும்போது காலத்துக்குப் பதில் தவணையைக் குறைத்து வாங்கிக்கொண்டு, பழைய தவணைத் தொகையையே மாதாமாதம் விருப்பப்படி கட்டி வரலாம். கடன் ஏறத்தாழ அதே வேகத்தில் கரையும். நெருக்கடி வந்தால் குறைந்த தவணையோடு நிறுத்திக்கொள்ளலாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு 2012 ஜூன் முதல் வங்கிகள் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதால், 10,000, 20,000 என்று சிறுகச் சிறுகக் கட்டினாலும் அபராதம் இல்லை.

கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், அதன் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் வங்கியிடம் வாங்கி அங்கே பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீதுப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.