வீட்டுத் தோட்டம்: வரட்சிக்கு வாடாத பருப்புக்கீரை



ஆனி, ஆடி மாதங்களில் தென்மேல் பருவமழை நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்த்துவிடும். பதுளை, பசறை, ஹாலிஎல பக்கம் நமக்கு வருவது காய்ந்த காற்றுத்தான். பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும். லயத்து முன்னால் போட்ட கீரைப் பாத்தி கருகிவிடும். அப்போதும் நடைபாதை ஓரத்தில் ஒரு பூண்டு பச்சையாகப் படர்ந்திருக்கும். அதுதான் பருப்புக்கீரை. சிங்களத்தில் 'கெந்த கொல' என்பார்கள்.

இதன் தண்டும் இலையும் நீரைச் சேமித்து வைப்பவை. வரட்சியில் இது பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சு விடுகிறது. அதனால் நீர் அதிகம் வீணாவதில்லை. இரவில் புளிப்பு சேருவதால், காலையில் பறித்த கீரை புளிக்கும். மாலையில் பறித்தால் புளிப்புக் குறையும்.

அடையாளம் காண்பது எப்படி?

தண்டு வழுவழுப்பாக, செந்நிறமாக இருக்கும். இலை தடித்து, நுனி அகன்றிருக்கும். சிறிய மஞ்சள் பூ வெயிலில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும்.

முக்கியமாக, தண்டை ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையில் தெளிந்த நீர் கசியும். வெள்ளைப் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி இனத்தைச் சேர்ந்த பூண்டு, கறிக்கு வேண்டாம். கீரை பறிக்க அனுப்பும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பூ இளஞ்சிவப்பாக, கணுவில் ஓர் இலை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் அது சாரணை.

களைநாசினி அடித்த தேயிலை மலையிலும், கழிவுநீர்க் கான் ஓரத்திலும் பறிக்கவே கூடாது. வீட்டிலேயே வளர்ப்பதுதான் பாதுகாப்பு.

வளர்க்கும் முறை

1. நான்கு அங்குலத் தண்டுகளை வெட்டி ஒருநாள் நிழலில் வையுங்கள்.
2. பழைய அரிசிப் பையில் துளையிட்டு, மண், மணல், மக்கிய சாணம் கலந்து நிரப்பி, வெயில் படும் இடத்தில் நடுங்கள்.
3. வேர் பிடிக்கும்வரை ஈரம் காயாமல் பாருங்கள். பிறகு அரிசி கழுவிய தண்ணீர் வாரம் இருமுறை போதும்.
4. பூக்கும் முன் நுனியை வெட்டுங்கள், மீண்டும் தழைக்கும். விதை கொட்டவிட்டால் பக்கத்துப் பாத்தியெல்லாம் களையாகிவிடும்.

கொதிநீரில் ஒருமுறை வேகவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மைசூர்ப் பருப்புடன் கடையுங்கள். இதில் ஒட்சலேற்று அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் இது 17 தான். ஒரு கீரை மட்டும் இதை மாற்றிவிடாது. ஆனாலும் மரக்கறி விலை ஏறும் வரண்ட மாதங்களில், பிள்ளையின் தட்டில் வெறும் சோறும் சம்பலும் மட்டும் இருக்காமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பையில் இன்றே நட்டுப் பாருங்கள்.