சக்கரத்தைப் பெரிதாக்குதல் நன்றோ?

புதிய மோட்டார் வண்டி வாங்குவோருட் பலர், அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியனவற்றைப் பூட்டும் வழக்கம் இந்நாளிற் பெருகியுள்ளது. பூவிருந்தவல்லி, ஆவடிச் சாலைகளில் இத்தகைய வண்டிகளை நாடோறும் காணலாம். அவை காட்சிக்குக் கம்பீரமானவையே. ஆயினும் கண்ணுக்கு இனியது உயிர்க்கும் காப்பாகுமோ என்பதே நாம் ஆராயத்தக்கது.

பெரிதாக்குதல் இருவகைப்படும். ஒன்று, முழு விட்டத்தையும் கூட்டுதல். 185/65 அளவுள்ள 15 அங்குல டயரின் விட்டம் ஏறத்தாழ 622 மில்லிமீட்டர். அதே வளையத்தில் 205/65 டயரை மாட்டின் விட்டம் 648 ஆகும். வேகமானி இம்மாறுதலை அறியாது. முன்னர் 60 கிலோமீட்டர் வேகத்திற்குக் காட்டிய எண்ணையே இப்பொழுது 62½ கிலோமீட்டருக்குங் காட்டும். வண்டியை நிறுத்தப் பிரேக்கும் மிகுதியாக உழைத்தல் வேண்டும். வளைத்துத் திருப்புங்கால் டயர் மட்கார்டில் உராய்தலும் உண்டு.

மற்றொன்று, விட்டத்தை ஏறக்குறைய மாற்றாது வளையத்தை மட்டும் பெரிதாக்குதல். 17 அங்குல வளையத்தில் 205/45 டயரைப் பூட்டின், டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரினின்று 92 ஆகக் குறையும். செம்மையான சாலையில் இதனால் ஸ்டியரிங் விரைந்து பணியும் என்பதை யாம் மறுக்கவில்லை. நம் சாலைகளோ அத்தகையன அல்ல.

1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றது குலுக்கலைத் தணித்தற்பொருட்டன்றோ? அவர் பெயர் தாங்கிய டயர் ஆலை நம் அம்பத்தூரிலேயே பல்லாண்டு நடந்தது. அவர் அளித்த காற்றுமெத்தையைக் குறைத்து உலோகத்தைக் கூட்டுதல் அறிவுடைமையாமோ? ஐப்பசி மழைநீர் மூடிய பள்ளத்தில் இறங்கின் வளையம் நெளியும், டயர் பிளக்கும். பாரம் மிக்க சக்கரம் மேட்டிற் குதித்து நிலத்தைவிட்டு எழும் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. தயாரிப்பாளர் ஏற்ற டயர் அளவுகள் கைந்நூலிற் காணப்படும். அவ்வெல்லைக்குள் நிற்றலே முறை.

சக்கரத்தின் அழகை விரும்பித் தேர்ந்தவர் வண்டிக்குடையவர். அதன் அபாயத்தையோ, அதே சாலையிற் சைக்கிளேறி அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளி தேர்ந்திலர். தம் பொருளைத் தம் விருப்பம்போல் மாற்றும் உரிமை, பிறர் உயிர் செல்லும் பாதையில் எல்லையுடையதே என்க.