படத்தில் இல்லாத நெருப்பு

அழகான படங்களைப் பற்றிக் கசந்து எழுதுவது எனக்கு உவப்பான காரியம் அல்ல. ஆனால் பாரிஸிலும் லண்டனிலும் 1830-களிலும் 1840-களிலும் வெளிவந்த பாலே நாட்டிய உடைப் படங்களைக் கண்டதும் ரஸிகர்கள் சொக்கிப் போகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அக்காலத்து மேடையை அப்படியே காட்டும் கண்ணாடியாம் அவை! கண்ணாடி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தப் படங்கள் எப்படித் தயாராயின என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓவியர் நர்த்தகியை வரைவார். இன்னொருவர் அதைப் பிசுக்கு மையால் கல்லின் மேல் எழுதுவார். ஸெனஃபெல்டர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடித்த கல்லச்சு முறை அது. அச்சில் வருவது கறுப்பும் சாம்பலுந்தான். பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் செய்த வேலை அது. படத்தின் அடியில் ஓவியர் பெயர் இருக்கும். கல்லில் எழுதியவர் பெயர் இருக்கும். வெளியிட்ட கடையின் விலாசங்கூட இருக்கும். வண்ணம் தீட்டியவள் பெயர் மட்டும் இராது. போகட்டும், அது வேறு வழக்கு.

என் வழக்கு அந்த வெள்ளைப் பாவாடையைப் பற்றியது. 1832 மார்ச் 12-ஆம் தேதி பாரிஸ் ஆபெராவில் மாரீ தாலியோனி 'லா ஸில்ஃபீட்' நாட்டியத்தில் காற்றில் வாழும் கன்னிகையாகத் தோன்றினாள். அன்று முதல் பாலே என்றாலே வெள்ளைச் சல்லாத் துணி என்று ஆகிவிட்டது. லண்டன் ஓவியர் ஷாலோன் அவளை வரைந்த படங்களைப் பாருங்கள். கால் தரையில் பட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும். கன்னத்தில் ரோஜா நிறம், தலையில் பூச்சரம். பாவாடைக்கு? பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. வெறும் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எதைப் பார்க்க ஊரே திரண்டதோ, அதற்குத் தூரிகையே படவில்லை! துணிக்குக் கனம் இல்லை, வியர்வை இல்லை. கன்னிகைகளை உயரே தூக்கிய கம்பி இல்லை. முக்கியமாக, விளக்கு இல்லை.

மேடையிலோ விளக்கு இருந்தது. பாரிஸ் ஆபெராவில் 1822 முதல் காஸ் விளக்கு. அதன் பக்கத்தில் அடுக்கடுக்காகச் சல்லாத் துணி. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நர்த்தகியின் உடை மேடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. சக நர்த்தகிகள் கிட்டப் போகத் துணியவில்லை. அவர்கள் உடுத்தியிருந்ததும் அதே துணிதானே? சில நாட்களில் அவள் இறந்தாள். அடுத்த ஜூலையில் அதே லண்டனில் தாலியோனி உட்பட நான்கு பெரிய நர்த்தகிகள் சேர்ந்து ஆடினார்கள். ஷாலோன் அதையும் வரைந்தார். கல்லச்சில் அது உலகப் புகழ் பெற்றது. நான்கு புன்னகைகள், நான்கு மேகங்கள். ஏழு மாதத்துக்கு முந்திய சாவின் சாயல் அதில் எங்காவது தெரிகிறதா?

எம்மா லிவ்ரியின் கதை இதைவிடக் கொடியது. 1858-இல், பதினாறாவது வயதில், அதே 'லா ஸில்ஃபீட்'டில் அரங்கேறியவள். தாலியோனியே அவளுக்குக் குருவாக வந்தாள். 1859-இல் அரசாங்கம், மேடை உடைகளைத் தீப்பிடிக்காத மருந்தில் நனைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மருந்து பட்ட துணி விறைத்தது, வெண்மை மங்கியது. வேண்டாம், பொறுப்பு என்னுடையது என்று எம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள். 1862 நவம்பர் 15-ஆம் தேதி ஒத்திகையில் பாவாடையை உதறிச் சரிசெய்தபோது காஸ் விளக்கின் தீ தாவிற்று. எட்டு மாதம் கிடந்து, 1863 ஜூலை 26-ஆம் தேதி கண்ணை மூடினாள். இருபது வயது.

"இதற்குப் படம் என்ன செய்யும்? மறுத்தவள் அவளல்லவா?" என்று கேட்பார்கள். சரி, எந்தக் கோர்ட்டும் ஷாலோனைக் கூண்டில் ஏற்றாது. ஆனால் முப்பது வருஷ காலம் கடை ஜன்னலிலும் வரவேற்பறைச் சுவரிலும் தொங்கிய அந்த வெள்ளைதான், நர்த்தகி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பழுப்பேறி விறைத்த பாவாடையோடு வந்து நின்றால் அவர்கள் முகம் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? அவள் கையெழுத்தை அவள் ஒருத்தியின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது.

எம்மாவின் உடையில் எரியாமல் மிஞ்சிய துண்டுகளைப் பாரிஸ் ஆபெராவின் நூலக மியூஸியத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாட்டிய உடைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் தாலியோனியின் படத்தை முகப்பில் போடட்டும், ஆட்சேபம் இல்லை. அதற்கு எதிர்ப் பக்கத்தில், அதே அளவில், இந்தத் துண்டுகளின் புகைப்படத்தையும் போடச் சொல்கிறேன்.