கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்!



ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், வேலை போனால் லயத்து வீடும் போனது. மறுவேலை கிடைக்கும்வரை மாதப்படி கொடுக்க எந்தத் திட்டமும் இல்லை. சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைக் கண்டுதான்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும், காவல், துப்புரவு வேலைகளிலும் இருக்கிறார்கள். இப்போது வேலைக் காப்புறுதிச் சட்டம் இருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு என்று சொக்சோவுக்குப் போகிறதே, அந்தப் பணம்தான். இது தர்மம் அல்ல, நீங்கள் கட்டிய சந்தா!

வேலை போனால் எத்தனை மாதம் கிடைக்கும்? சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம். சட்டம் வகுத்த கணக்கு இது: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதம் 40, கடைசி இரு மாதம் 30. 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு 6 மாதத்தில் 5,000 வெள்ளிக்கு மேல். கோவிட் காலத்தில், 2021-இல், இதை 9 மாதம்வரை நீட்டித்தார்கள். அது தற்காலிகச் சலுகை. இன்னும் உண்டென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு இந்தப் படி கிடையாது. அதனால்தான் எச்சரிக்கிறோம். ஆட்குறைப்பு செய்யும் சில நிர்வாகங்கள், "இதில் கையெழுத்துப் போடு, சம்பளம் தருகிறோம்" என்று வேலை விலகல் கடிதத்தை நீட்டுகின்றன. போட்டால் சொக்சோ படி போச்சு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு, சேவை ஆண்டு ஒன்றுக்கு 10 முதல் 20 நாள் சம்பளம் என்று வரவேண்டிய ஆட்குறைப்பு இழப்பீடும் போச்சு!

ஆகவே, படித்துப் புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். வேலை நீக்கக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பியுங்கள். காரணமின்றி நீக்கினாலோ, வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினாலோ தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கும் 60 நாள்தான். இரண்டும் தனித்தனி. ஒன்றுக்காகக் காத்திருந்து மற்றதைக் கோட்டை விடாதீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. குத்தகைக் காலம் முடிந்து வேலை இழப்பவருக்கு இந்தப் படி இல்லை என்று சட்டம் ஒதுக்கிவிட்டது. குத்தகை மாறும்போதெல்லாம் தெருவில் நிற்கும் நம் துப்புரவுத் தாய்மார்களின் சம்பளத்திலும்தானே சந்தா பிடிக்கிறீர்கள்? 2021-இல் மாதங்களைக் கூட்ட முடிந்த அரசாங்கத்தால் இந்த வாசலையும் திறக்க முடியும். திறக்கும்வரை கேட்போம்!